வாங்க, ஆனா உங்க பேரோட வாங்க

"ஐயா, வேலையை விட்டுட்டு விவசாயத்துக்கு வந்துடலாமா?"

நம் கூட்டங்களில் இந்தக் கேள்வியை இப்போது அதிகம் கேட்பவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள தாய்மார்கள். ஆசிரியை, செவிலியர், கணக்கர், கணினி நிறுவனத்தில் இருப்பவர் என்று பலர். பிள்ளைக்கு நஞ்சில்லாச் சோறு போடணும், கூடவே இருக்கணும், தனக்கென்று ஒரு வருமானமும் வேணும். மூன்றும் நியாயமான ஆசைதான்.

முப்பது ஆண்டுக்கு மேல் வங்கியில் கடன் மனுக்களைப் பார்த்தவன், இப்போது நெல்லும் உளுந்தும் போடுகிறவன் என்ற முறையில் என் பதில்: தாராளமா வாங்க, ஆனா உங்க பேரோட வாங்க.

கடன் மனுவில் 'தொழில்' என்று ஒரு கட்டம் உண்டு. சம்பளத்தில் இருந்தவரை அதில் தன் வேலையை எழுதிய பெண்கள், நிலத்துக்கு வந்த பிறகு 'குடும்பத் தலைவி' என்று எழுதுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நடவு, களை, ஆள் கூலி, அறுவடைக் கணக்கு எல்லாம் அவங்க கையில். பட்டா மாமனார் பேரில், பயிர்க்கடன் கணவர் பேரில், நெல் விற்ற பணம் கணவர் கணக்கில். இதற்குப் பெயர் தொழில் மாற்றம் இல்லை, வேலை இழப்பு. நாளைக்குத் திரும்ப வேலை தேடப் போனாலும், அந்த வருடங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்காது.

ராஜினாமாவுக்கு முன்னால்

பணிக்கொடையைப் பாருங்கள். நிரந்தரப் பணியாளருக்கு 5 ஆண்டு தொடர் பணி வேண்டும். மகப்பேறு விடுப்பும் அந்தக் கணக்கில் சேரும். சில மாதம் குறைகிறதென்றால் பொறுத்து விடுங்கள்.

அடுத்து வருங்கால வைப்பு நிதி. அதிலுள்ள ஓய்வூதியத் திட்டத்தில் 10 ஆண்டு பணி முடித்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. 10 ஆண்டு ஆகவில்லை என்றால் அவசரப்பட்டு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டாம். திட்டச் சான்றிதழ் வாங்கி வைத்தால், பின்னால் மறுபடி வேலைக்குப் போகும்போது பழைய பணிக்காலமும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, நிறுவனம் எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு. வேலையோடு அதுவும் போய்விடும். குடும்பக் காப்பீட்டுக்கு விடுவதற்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். ஒரு ஆஸ்பத்திரிச் செலவு இரண்டு போக வருமானத்தைத் தின்றுவிடும்.

பள்ளிக்கூட மணியும் பயிரும்

மல்லிகையை விடியற்காலையில் பறிக்கணும். பால் மாட்டுக்கு இரண்டு வேளையும் கறவை தவறக் கூடாது. பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பும் நேரமும் அதுதான். அந்த நேரத்தில் வீட்டில் கை கொடுக்க ஆள் இருக்கிறதா என்று முதலில் பேசி முடிவு செய்யுங்கள். ஆள் இல்லையென்றால் எள், உளுந்து, சிறுதானியம் போன்ற, நாள்தோறும் பறிப்பு இல்லாத பயிரில் தொடங்குவது நல்லது.

அளவிலும் நிதானம் வேண்டும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் 2006 முதல் நெல் திருவிழா நடத்திய நெல் ஜெயராமன், உழவருக்கு 2 கிலோ பாரம்பரிய நெல் விதை கொடுத்து, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பி வாங்கினார். அந்தச் சிறிய அளவில் தொடங்கியே எத்தனையோ ரகங்கள் ஊர் ஊராகப் பரவின. சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே 20 சென்ட்டில் இரண்டு போகம் பாருங்கள். நம் பக்கத்து ஊர் தனியார் பள்ளி ஆசிரியை ஒருவர் அப்படித்தான் செய்தார். விளைந்த அரிசியை முதலில் வாங்கியவர்கள் அவரோடு வேலை பார்த்தவர்கள். வேலையை விடும்போது அவருக்கு நிலம் பழகியிருந்தது, வாடிக்கையாளரும் இருந்தார்கள்.

ரசாயனம் போட்ட நிலம் இயற்கைக்கு மாறிச் சான்று பெற, பருவப் பயிருக்கு 2 ஆண்டு, பல்லாண்டுப் பயிருக்கு 3 ஆண்டு ஆகும். அதுவரை சான்றுக்கான விலை கிடைக்காது. அந்தக் காலத்துக்கான குடும்பச் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள்.

காகிதம் உங்கள் பேரில்

தமிழ்நாட்டில் 1989-லேயே இந்துக் குடும்ப மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் சட்டத் திருத்தம் வந்தது. 2005-ல் அது நாடு முழுவதற்கும் வந்தது. பிறந்த வீட்டில் உங்கள் பங்கைக் கேட்பது பேராசை இல்லை.

சொந்த நிலம் இல்லையா? அண்ணன் நிலமோ மாமனார் நிலமோ, குத்தகையை எழுத்தில் போடுங்கள். "நம்ம வீட்டுக்குள்ளே என்ன பத்திரம்?" என்பார்கள். வங்கி அப்படிக் கேட்காது. கிசான் கடன் அட்டை நில உரிமையாளருக்கு மட்டுமில்லை, குத்தகை உழவருக்கும் உண்டு. அதில் 3 லட்சம் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்தான் விழும். தனியாகக் கிடைக்காவிட்டால் கூட்டுப் பொறுப்புக் குழுவாகக் கேளுங்கள். விற்ற பணம் உங்கள் கணக்கில் ஏறட்டும். மூன்று வருட வரவு செலவு உங்கள் பேரில் இருந்தால் அடுத்த மேலாளர் உங்களைத்தான் பார்த்துப் பேசுவார்.

பங்கேற்பு உத்தரவாதச் சான்றுக்குக் குறைந்தது 5 உழவர் சேர்ந்தால் குழு அமைக்கலாம். இந்த இதழைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவின் உறுப்பினர் பட்டியலை இந்த வாரம் எடுத்துப் பாருங்கள். வயலில் நிற்கிற பெண்கள் எத்தனை பேர், பட்டியலில் இருக்கிற பெண்கள் எத்தனை பேர்? அடுத்த கூட்டத்துக்கு முன் அந்த இரண்டு எண்ணையும் சமமாக்குங்கள்.