இருவர் சேர்ந்து இறக்கும் சுமை

முதுமையில் உடல் பருத்தல் இயல்பே என்று கூறி வாளாவிருப்பது நம்மவர் வழக்கம். வயது ஏற ஏறத் தசை குறைகிறது. உடல் செலவிடும் சக்தியும் அதனோடு குறைகிறது. ஆயின், கோப்பையில் விழும் சோற்றின் அளவோ வாலிப காலத்தில் இருந்தவாறே இருக்கிறது. மிஞ்சுவது வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாய்ப் படிகிறது. நீரிழிவும் இரத்த அழுத்தமும் முழங்கால் நோவும் பெரும்பாலும் அதன் பின்னே வருவன.

எடையைக் குறைக்குமாறு வைத்தியர் கணவருக்குக் கூறுகிறார். வீட்டிலே நடப்பது யாது? அவருக்கென ஒரு சட்டியில் தனிக்கறி. ஏனையோருக்கு வழமையான பாற்கறி. ஒரு வாரம் கழிந்ததும் நோயாளி மெல்ல மறு சட்டியை நாடுகிறார். இஃது அவர் மனவுறுதியின் குறை மட்டுமன்று. ஒரே வீட்டில் இரு சட்டி வைத்த முறையின் குறையுமாகும்.

இங்கிலாந்திலே ஐம்பது வயதைக் கடந்த 3,722 தம்பதியரை ஆராய்ந்த லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியினர், 2015 ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். துணைவியும் எடை குறைத்தபோது, பருமனான ஆண்களில் நூற்றுக்கு 26 பேர் தம் எடையில் இருபதில் ஒரு பங்கையேனும் குறைத்தனர். துணைவி பருமனாகவே இருந்தபோது நூற்றுக்கு 10 பேரே அவ்வாறு குறைத்தனர். பெண்களிடத்தே அவ்வெண்கள் முறையே 36, 15 ஆகும். 80 கிலோ எடையுள்ளவருக்கு இருபதில் ஒரு பங்கு என்பது 4 கிலோ மாத்திரமே. எனினும் இரத்தத்தின் சர்க்கரையும் அழுத்தமும் தணிய அதுவே உதவும்.

இன்னொன்றையும் நாம் சிந்தித்தல் வேண்டும். கணவரின் நோயைச் சுற்றத்தார் அனைவரும் விசாரிப்பர். மனைவியின் உடல்நிலையைக் கேட்பார் அரியர். எல்லோரும் உண்டபின் அமர்ந்து, வீணாகலாகாதென்று சட்டியில் எஞ்சியதையும் உண்டு முடிப்பவர் அவரே. அவரைச் சமைப்பவராக மட்டும் கருதி வகுக்கும் பத்தியம் அரைப் பத்தியமே.

தொடங்குவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. ஒரு தேக்கரண்டிச் சீனி ஏறக்குறைய 4 கிராம். அது தரும் சக்தி 16 கலோரி. கோப்பைக்கு இரண்டு கரண்டியாக நாளுக்கு நான்கு கோப்பைத் தேநீர் அருந்துவோர், சீனியாலேயே 128 கலோரி பெறுகின்றனர். அதனைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். சோற்றையும் பிட்டையும் குறைத்து, அவ்விடத்தைக் கீரையாலும் காய்கறியாலும் நிரப்பலாம். மீனும் பருப்பும் குறையலாகாது.

ஏனெனில், முதியோர் உணவை மட்டும் குறைப்பின் கொழுப்போடு தசையும் கரையும். அமெரிக்காவிலே 65 வயதும் அதற்கு மேலுமான பருமனான 107 பேரைக் கொண்டு நடத்தி 2011 இல் வெளியிடப்பட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டோடு உடற்பயிற்சியும் செய்தோரே உடலியக்கத்தில் அதிக முன்னேற்றம் கண்டனர். உணவை மட்டும் குறைத்தோரை விட அவர்கள் இழந்த தசையும் குறைவு. ஆதலின், வாரத்திற்கு 150 நிமிட நடையும், கதிரையிலிருந்து கைபிடியாது எழுந்தமர்தல் போன்ற தசைப்பயிற்சி வாரத்தில் இரு நாளும் வேண்டும். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ பெறுவோர் வைத்தியரைக் கேளாது உணவைக் குறைத்தலாகாது. சர்க்கரை திடீரெனத் தாழ்ந்துவிடக் கூடும். முயலாமலே எடை குறைந்தால், அதனையும் வைத்தியரிடம் கூறல் வேண்டும்.

மாணவரும் மணமாகித் தனிக்குடித்தனம் சென்ற பிள்ளைகளும் இதில் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பெற்றோரைக் காணச் செல்கையில் இனிப்புப் பெட்டியை விடுத்துப் பழங்களைக் கொண்டு செல்லுங்கள். மாலையில் இருவரையும் அழைத்துக்கொண்டு சிறிது தூரம் நடவுங்கள். அதன்பின் அவர்கள் ஒரே சட்டியில் சமைத்து, ஒரே வேளையில் அமர்ந்து உண்ணட்டும்.