நூறு நாள் வேலையை நம்ம நிலத்துக்குக் கொண்டு வருவோம்

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்ததும் திருப்பூர், சென்னை என்று பிழைக்கப் போன பிள்ளைகள் எல்லாம் ஊர் திரும்பிவிட்டார்கள். கையில் காசில்லை, வீட்டில் சாப்பிடுகிற வாய் கூடிப்போச்சு. அரசும் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தார்கள். மத்திய அரசு ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசம் என்றது. நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது 20 கிலோ. இதெல்லாம் அடுப்பை அணையாமல் காத்தது உண்மை. ஆனால் அரிசி தீர்ந்த பிறகு?

அதற்குத்தான் நூறு நாள் வேலை இருக்கிறது. 2005-ல் வந்த சட்டம் இது. 2020-21 பட்ஜெட்டில் 61,500 கோடி ஒதுக்கியிருந்த மத்திய அரசு, மே மாதம் இன்னும் 40,000 கோடியைக் கூட்டியது. தமிழ்நாட்டில் 2020-21-ல் நாள் கூலி 256 ரூபாய் வரை இருந்தது. அந்தக் கணக்கில் நூறு நாளும் முழுக்கூலி கிடைத்தால் ஒரு குடும்பத்துக்கு 25,600 ரூபாய்.

"நூறு நாள் வேலை வந்துதான் களையெடுக்க ஆள் கிடைக்கல" என்று நம்மில் பலர் புலம்புகிறோம். அந்த வேலையை நம்ம நிலத்துக்கே கேட்கலாம் என்பதை எத்தனை பேர் யோசித்தோம்? பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள், பெண்கள் தலைமையிலான குடும்பங்கள் ஆகியோரின் சொந்த நிலத்தில் இந்தத் திட்டத்தில் வேலை செய்யலாம். அவர்களுக்கு அடுத்தபடியாக, 5 ஏக்கருக்குள் வைத்திருக்கும் சிறு, குறு விவசாயிகளும் கேட்கலாம். ஒரே நிபந்தனை: வீட்டுக்கு வேலை அட்டை இருக்க வேண்டும், வீட்டில் ஒருவராவது அந்த வேலையில் மண்வெட்டி பிடிக்க வேண்டும்.

வரப்பு உயர்த்துவது, பண்ணைக்குட்டை வெட்டுவது, மரம் நடுவது, மண்புழு உரத்தொட்டி கட்டுவது எல்லாம் இதில் வரும். 30 அடி நீளம், 30 அடி அகலம், 5 அடி ஆழத்தில் ஒரு குட்டை வெட்டினால் ஏறத்தாழ 1 லட்சத்து 27 ஆயிரம் லிட்டர் தண்ணீர் நிற்கும். கரைக்குச் சரிவு விட்டால் கொஞ்சம் குறையும். மானாவாரிக்காரருக்கு ஒரு உயிர்த்தண்ணீர் கொடுக்க அது உதவும். கூலி வீட்டுக்கு, குட்டை நிலத்துக்கு. உரத்தொட்டி இருந்தால் அடுத்த பட்டத்துக்குக் கடைக்கு ஓட வேண்டியதில்லை.

எப்படிக் கேட்பது?

வேலை கேட்டு ஊராட்சியில் எழுத்துமூலம் மனுக் கொடுங்கள். தேதி போட்ட ரசீது கட்டாயம் வாங்குங்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்றால் நகராதீர்கள். 15 நாளுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி தர வேண்டும் என்கிறது சட்டம்: முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்காவது, அதன் பிறகு பாதியாவது. ரசீது இல்லாமல் அதைக் கேட்க முடியாது.

சொந்த நிலத்து வேலைக்கு, கிராம சபையில் ஊராட்சியின் பணிப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். தனி ஆளாகப் போவதைவிட, பத்து விவசாயிகள் சர்வே எண்ணோடு சேர்ந்து மனுக் கொடுத்தால் தட்டிக்கழிப்பது கஷ்டம். செய்த வேலையை அளக்கும்போது கூடவே நில்லுங்கள். அளவு குறைந்தால் கூலியும் குறையும். 15 நாளுக்குள் கூலி வங்கிக் கணக்கில் ஏற வேண்டும், தாமதமானால் இழப்பீடு உண்டு.

இது யாரும் போடுகிற பிச்சை இல்லை, சட்டம் தந்த உரிமை. இன்றைக்கே வேலை அட்டையை எடுத்துப் பாருங்கள். ஊர் திரும்பிய பிள்ளைகள் பெயர் அதில் இல்லையென்றால் முதல் மனு அதற்காக இருக்கட்டும்.