வகுப்பு நடத்தும் சங்கத்துக்குக் கணிப்பொறிப் பதிவேடு: அமைப்பது எப்படி?



சந்தா வசூலிப்பதோடு நின்றுவிடாமல் உறுப்பினர்களுக்கு வகுப்பும் நடத்தும் சங்கங்கள் பல உள்ளன. ஜி.எஸ்.டி. கணக்கு, உணவுப் பாதுகாப்பு, கணிப்பொறியில் பில் போடுவது என்று முதலாளியும் கடைப் பணியாளரும் கற்க வேண்டியவை பெருகிவிட்டன.

ஆனால், 'யார் சந்தா கட்டியிருக்கிறார்? எந்தக் கடையிலிருந்து யார் எந்த வகுப்பை முடித்தார்?' என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கிறதா? சந்தா நோட்டு பொருளாளரிடம், முகவரிப் பட்டியல் செயலாளரிடம், வகுப்புக்கு வந்தவர் பெயர் ஏதோ ஒரு தாளில். ஒழுங்காகச் சந்தா கட்டியவரின் பெயர் தேர்தல் நாளில் வாக்காளர் பட்டியலில் இல்லையென்றால், அவருக்குச் சங்கத்தின் மேல் இருக்கும் நம்பிக்கையே போய்விடும். இதே நோட்டுகளை அப்படியே கணிப்பொறியில் ஏற்றினால் குழப்பமும் சேர்ந்தே ஏறும். முதலில் பதிவேட்டின் அமைப்பைச் சரி செய்ய வேண்டும்.

பேரேடு தெரிந்தவருக்குப் புதிதல்ல

நாளேட்டில் ஒரு வரவு எழுதும்போது, அந்த நபரின் பேரேட்டுப் பக்க எண்ணையும் பக்கத்திலேயே குறிக்கிறோம். அந்த எண்ணே இரண்டு புத்தகங்களையும் இணைக்கிறது. 'ரிலேஷனல் டேட்டாபேஸ்' எனப்படும் உறவுநிலைத் தரவுத்தளமும் ஏறக்குறைய இப்படித்தான். ஐ.பி.எம். நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் என்பவர் 1970-ல் இதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். தகவல்களைத் தனித்தனி அட்டவணைகளில் வைத்து, அவற்றிலுள்ள எண்களைக் கொண்டே ஒன்றோடொன்று இணைக்கலாம் என்பது அதன் சாரம். இதற்காக 1981-ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

விதி ஒன்றுதான்: ஒரு செய்தியை ஒரே இடத்தில் எழுத வேண்டும்; மற்ற இடங்களில் அதன் எண்ணை மட்டும் எழுத வேண்டும். கடை இடம் மாறினால் முகவரியை ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

தேவையான அட்டவணைகள்

1. உறுப்பினர்: உறுப்பினர் எண், கடையின் பெயர், முகவரி, சேர்ந்த தேதி, விலகிய தேதி. அடையாளத்துக்குப் பெயரை நம்பக்கூடாது. 'முருகன் ஸ்டோர்' ஒரே ஊரில் நாலு இருக்கும். ஒருவர் 'ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்' என்று எழுதுவார். தொலைபேசி எண் மாறக்கூடியது. ஜி.எஸ்.டி. எண்ணும் உதவாது, தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. சிறு கடைகள் பலவற்றுக்கு அந்த எண்ணே இராது. ஆகவே சங்கமே ஓர் எண் கொடுக்க வேண்டும். ஒருவருக்குக் கொடுத்த எண்ணை, அவர் விலகிய பிறகும் வேறொருவருக்குத் தரக்கூடாது.

2. நபர்: நபர் எண், பெயர், தொலைபேசி. சந்தா கட்டுவது கடை; படிப்பது ஆள். இந்த இரண்டையும் ஒரே வரியில் எழுதுவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர்.

3. கடைத் தொடர்பு: நபர் எண், உறுப்பினர் எண், உரிமையாளரா பணியாளரா என்ற விவரம், தொடங்கிய தேதி, முடிந்த தேதி.

4. சந்தா விகிதம்: ஆண்டு, அந்த ஆண்டுக்குரிய தொகை.

5. சந்தா ரசீது: ரசீது எண், தேதி, உறுப்பினர் எண், எந்த ஆண்டுக்கு, எவ்வளவு. 'பாக்கி' என்று ஒரு கட்டம் வேண்டாம். கட்ட வேண்டியதிலிருந்து கட்டியதைக் கழித்தால் பாக்கி தானே தெரியும். அதைத் தனியாக எழுதி வைத்தால், என்றாவது ஒருநாள் ரசீதும் பாக்கியும் ஒன்றுக்கொன்று முரண்படும்.

6. வகுப்பு: வகுப்பு எண், பாடம், தேதி, இடம், கட்டணம்.

7. வகுப்புப் பதிவு: நபர் எண், வகுப்பு எண், வந்தாரா, சான்றிதழ் தேதி.

ஏழாவது ஏன்?

உறுப்பினர் பட்டியலிலேயே 'வகுப்பு 1, வகுப்பு 2, வகுப்பு 3' என்று மூன்று கட்டம் போட்டால் ஆகாதா என்று கேட்கலாம். நான்காவது வகுப்புக்கு வந்தவரை எங்கே எழுதுவது? நம் பில்லையே பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் பல சரக்கு வாங்குகிறார். ஒரே சரக்கு பல வாடிக்கையாளருக்குப் போகிறது. இரண்டையும் சேர்ப்பது பில்லில் உள்ள ஒவ்வொரு வரியும்தான். அதுபோல, ஆளையும் வகுப்பையும் சேர்ப்பது இந்த ஏழாவது அட்டவணை.

இதன் பயனைப் பாருங்கள். மத்திய அல்லது மாநில உணவு உரிமம் பெற்ற நிறுவனத்தில், உணவைக் கையாளும் 25 பேருக்கு ஒருவர் வீதம் பயிற்சிச் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளர் இருக்க வேண்டும் என்று எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. கூறுகிறது. உறுப்பினர் எண் 214 கொண்ட கடையில் வேலை செய்த ஒருவர் சான்றிதழ் பெற்றபின் 305-ஆம் எண் கடைக்கு மாறிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சான்றிதழைக் கடையின் பெயரில் எழுதியிருந்தால், 214-ல் பயிற்சி பெற்றவர் இருப்பதாகவே பதிவேடு சொல்லும். ஆய்வாளர் வரும் நாளில்தான் உண்மை தெரியும். மேலே சொன்னபடி எழுதினால், கடைத் தொடர்பில் ஒரு தேதியைப் போட்டு ஒரு புது வரி சேர்த்தால் போதும். எந்தக் கடையில் பயிற்சி பெற்றவர் இல்லை என்ற பட்டியல் உடனே வந்துவிடும். அடுத்த வகுப்புக்கு யாரை அழைப்பது என்பதும் தெளிவாகும்.

கவனிக்க வேண்டியவை

* இல்லாத உறுப்பினர் எண்ணுக்கு ரசீது போட்டால் கணிப்பொறி மறுக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். பதிவைச் செய்துவிட்டுப் பிறகு தேடிப்பிடித்துத் திருத்துவதைவிட இது எளிது.
* விலகியவரை அழித்துவிடாதீர்கள். விலகிய தேதியைப் போடுங்கள். அழித்தால் அவர் கட்டிய பழைய ரசீதுகள் யாருடையவை என்றே தெரியாமல் போகும்.
* தேவையில்லாத விவரங்களைக் கேட்காதீர்கள். சந்தாவுக்கும் வகுப்புக்கும் ஆதார் எண் எதற்கு? தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே 2023-ல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது.
* வாரம் ஒருமுறை நகல் எடுத்து, சங்கக் கட்டடத்துக்கு வெளியே வேறோர் இடத்தில் வையுங்கள்.

மென்பொருளுக்குப் பெரும் பணம் தேவையில்லை. மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரேஎஸ்க்யூஎல் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன; அமைத்துத் தருபவருக்கான கூலிதான் செலவு. அவரிடம் ஒரு நிபந்தனை போடுங்கள்: எல்லாத் தகவலையும் எப்போது கேட்டாலும் சாதாரணக் கோப்பாக எடுத்துக்கொள்ளும் வசதி வேண்டும். தகவல் சங்கத்தின் சொத்து. ஆள் மாறினாலும் அது சங்கத்திடமே இருக்க வேண்டும்.

அவரை அழைப்பதற்கு முன் செயற்குழுவினர் ஒரு மாலை உட்கார்ந்து, 7 தாள்களில் இந்த அட்டவணைகளைக் கோடு போட்டு, 20 உறுப்பினர்களின் உண்மை விவரங்களை எழுதிப் பார்க்க வேண்டும். ஒரே செய்தியை இரண்டு தாளில் எழுத நேர்ந்தால் அமைப்பில் குறை இருக்கிறது என்று பொருள். அதைத் தாளிலேயே திருத்திவிட்டால், பின்னால் செலவும் மிச்சம். சங்கத்தின் பெயரும் காப்பாற்றப்படும்.