விண்வெளி கண்ட கைக்கடிகாரங்கள்

நேரம் காட்டுவதோடு, ஒரு செயல் எத்தனை செக்கன் எடுத்தது என்பதையும் பொத்தானை அழுத்தி அளக்க உதவும் கடிகாரமே குரோனோகிராப். பற்றரி இன்றி, முறுக்கிய சுருள்வில்லின் விசையால் ஓடும் பழைய குரோனோகிராப்களைத் தேடிச் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர். விண்வெளிப் பயணத்தோடு தொடர்புடையவற்றுக்கு அவர்களிடம் தனி மதிப்பு உண்டு.

1970 ஏப்ரலில் அப்பலோ 13 விண்கலத்தின் ஒட்சிசன் தாங்கி வெடித்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கணினியையும் நிறுத்தினார்கள். பூமிக்குத் திரும்பும் பாதையைத் திருத்த எஞ்சினை 14 செக்கன் இயக்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தை ஜாக் சுவைகர்ட் தமது ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் அளந்தார். மூவரும் உயிருடன் திரும்பினர்.

1973இல் வில்லியம் போக், ஸ்கைலாப் நிலையத்துக்கு மஞ்சள் முகப்புள்ள சீக்கோ ஒன்றைக் கொண்டுசென்றார். கையசைவால் தானாக முறுக்கேறும் அது, எடையற்ற நிலையிலும் ஓடியது. அவ்வகையைச் சேகரிப்போர் ‘போக்’ என்றே அழைக்கின்றனர்.

அவர்கள் தேடுவது பளபளப்பை அல்ல. மாற்றப்படாத முகப்பையும், கடிகாரத்தின் வரலாற்றுக்கு ஆதாரத்தையுமே. சகோதரிகளே, வாப்பா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய கடிகாரம் அலுமாரியில் கிடந்தால் மெருகூட்ட அவசரப்படாதீர்கள். எங்கே, எப்போது வாங்கியது என்று கேட்டு எழுதி வையுங்கள். 1990 இடம்பெயர்வில் பலவற்றை இழந்த நம் குடும்பங்களில், எஞ்சிய பொருளுக்கு அந்தக் குறிப்பும் ஒரு சொத்து.