பிளானை மாற்றும் முன் பெட்டியைப் பாருங்கள்



கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தின் கடைசி நாள் நெருங்கினால் நமது அறக்கட்டளை அலுவலகத்தில் கூட்டம் நிற்கிறது. வருகிறவர்கள் பலர் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கிறது. "மாசாமாசம் பணம் கட்டுறோம், உள்ரூமுக்குப் போனா சுத்திக்கிட்டே நிக்குது" என்கிறார்கள். கூடுதல் வேகப் பிளானுக்கு மாறியும் அதே கதைதான் என்றவர்களும் உண்டு.

கம்பத்திலிருந்து வருவது கண்ணாடி இழை. அதில் ஓடுவது மின்சாரமல்ல, ஒளி. சுவரில் மாட்டியுள்ள பெட்டி அந்த ஒளியை மின் சைகையாக மாற்றியதும் ஃபைபரின் வேலை முடிந்தது. பிறகு அதே பெட்டி ரேடியோ அலையாக அனுப்புவதுதான் வைஃபை. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பெட்டியில் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் இழை அறுந்தோ மடங்கியோ இருக்கலாம், கம்பெனிக்குச் சொல்லுங்கள். இழையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் விடாதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. சிவப்பு விளக்கு இல்லையா? பெட்டி அருகே நின்று போனில் வேகம் பாருங்கள். அங்கே நன்றாக இருந்து அறையில் குறைந்தால் குறை வைஃபையில்தான். பெரிய பிளான் சுவரைத் தாண்டாது.

பல பெட்டிகளில் இரண்டு வைஃபை பெயர்கள் தெரியும். ஒன்றின் கடைசியில் '5ஜி' என்றிருக்கும். இது செல்போன் 5ஜி அல்ல, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. வேகம் அதிகம், ஆனால் சுவருக்குச் சுவர் வலு குறையும். உள்ளறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் பெயரே பரவாயில்லை. பழைய போன்களுக்கு அந்தப் பெயர் மட்டுமே தெரியும்.

நமது அலுவலகத்திலேயே பெட்டி வெகுநாள் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்தது. அழகுக்காக மறைத்தது நாம்தான். ஹாலில் உயரமாக மாட்டிய பிறகு மாடி வரை கிடைக்கிறது. வீடு நீளமாக இருந்தால் பெட்டியிலிருந்து லேன் வயர் இழுத்து உள்ளே இன்னொரு ரூட்டர் வைக்கலாம். அதை 'ஆக்சஸ் பாயின்ட்' முறையில் அமைக்கச் சொல்லுங்கள்.

ஸ்டிக்கரில் அச்சிட்ட பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால், வேறு யாராவது அதில் தவறு செய்தாலும் விசாரணை முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

அலுவலகத்தில் நீளமான லேன் வயர் ஒன்று இருக்கிறது. விண்ணப்ப நாளில் லேப்டாப்பை நேரடியாகப் பெட்டியில் செருக வேண்டியவர்கள் வாங்கிப் போய்த் திருப்பித் தரலாம்.