'பிரவுன் ஃபேட்' எரிப்பது சர்க்கரையையா, கொழுப்பையா? ஐஸ் குளியல் போட்டால் சுகர் இறங்குமா?

'ஐஸ் தண்ணியில குளிச்சா கொழுப்பு கரையும்', 'ஏசியை 18-ல வச்சுத் தூங்கினா சுகர் குறையும்' என்று சொல்லும் ரீல்ஸ்களில் அடிக்கடி அடிபடும் பெயர் 'பிரவுன் ஃபேட்', அதாவது பழுப்புக் கொழுப்பு. இது உண்மையில் என்ன வேலை செய்கிறது?

வெள்ளைக் கொழுப்பு, பழுப்புக் கொழுப்பு: என்ன வித்தியாசம்?

தொப்பையில் சேர்வது வெள்ளைக் கொழுப்பு. அது ஒரு குடோன். மிஞ்சிய சத்தைச் சேமித்து வைக்கும். பழுப்புக் கொழுப்பு ஓர் அடுப்பு. சத்தை எரித்துச் சூடாக்கும். இதன் செல்களில் மைட்டோகாண்ட்ரியா மிக அதிகம். அவற்றில் உள்ள இரும்புச்சத்துதான் பழுப்பு நிறத்துக்குக் காரணம்.

பச்சிளம் குழந்தைகளைக் குளிரிலிருந்து காப்பது இந்தக் கொழுப்புதான். வளர்ந்த பிறகு இது மறைந்துவிடும் என்றே நீண்ட காலம் நம்பப்பட்டது. பெரியவர்களுக்கும் கழுத்து, காறை எலும்புக்கு மேல்பகுதி, முதுகெலும்பு ஓரங்களில் இது வேலை செய்கிறது என்பதை 2009-ல் ஒரே நேரத்தில் வெளியான 3 ஆய்வுகள் உறுதி செய்தன.

சூடு எப்படி உருவாகிறது?

குளிர் பட்டதும் மூளை, நரம்புகள் வழியாக நாரட்ரீனலின் என்ற ரசாயனத்தைப் பழுப்புக் கொழுப்புக்கு அனுப்புகிறது. மற்ற செல்கள் எரிபொருளை எரித்து, உடல் பயன்படுத்தும் ஆற்றலாக மாற்றும். பழுப்புக் கொழுப்பில் இருக்கும் 'யுசிபி-1' என்ற புரதம் இந்த இணைப்பைத் துண்டித்துவிடும். பைக்கை நியூட்ரலில் போட்டு ஆக்சிலரேட்டரை முறுக்குவது மாதிரிதான் இது. பெட்ரோல் எரியும், வண்டி நகராது, இன்ஜின் மட்டும் சூடாகும்.

முதலில் எரிவது எது?

இரண்டுமே எரியும். ஆனால் முதல் பந்தி கொழுப்புக்குத்தான். செல்லுக்குள் குட்டிக் குட்டித் துளிகளாக இருக்கும் சொந்தக் கொழுப்பு முதலில் உடைந்து, கொழுப்பு அமிலங்களாக மாறும். யுசிபி-1 புரதத்தைத் தட்டி எழுப்புவதும் இதே அமிலங்கள்தான். கையிருப்பு குறையும்போது ரத்தத்தில் ஓடும் கொழுப்பை இழுத்துக்கொள்ளும்.

அப்போ சர்க்கரை? பெட் ஸ்கேனில் குளுக்கோஸ் போன்ற ஒரு கதிரியக்கப் பொருளைச் செலுத்துவார்கள். குளிரில் பழுப்புக் கொழுப்பு அதை அள்ளி எடுப்பதால் ஸ்கேனில் பளிச்சென்று தெரியும். இதைப் பார்த்துத்தான் 'சர்க்கரையை எரிக்கும் இயந்திரம்' என்ற பிம்பம் உருவானது. ஆனால் ஸ்கேன் காட்டுவது உள்ளே போன சர்க்கரையை மட்டுமே. அது எரிந்ததா என்பதை அல்ல. உள்ளே போவதில் ஒரு பகுதி எரிகிறது. ஒரு பகுதி, தீர்ந்துபோன கொழுப்புத் துளிகளை மறுபடி நிரப்பப் பயன்படுகிறது. இன்னொரு பகுதி லாக்டேட்டாக வெளியேறுகிறது. மொத்த வெப்பத்தில் பெரும்பங்கு கொழுப்பிலிருந்தே வருகிறது.

சர்க்கரை நோய்க்கு உதவுமா?

2021-ல் அமெரிக்காவில் 52,000-க்கும் மேற்பட்டோரின் ஸ்கேன்கள் ஆராயப்பட்டன. பழுப்புக் கொழுப்பு தென்பட்டவர்களில் 4.6% பேருக்கும், தென்படாதவர்களில் 9.5% பேருக்கும் டைப்-2 சர்க்கரை நோய் இருந்தது. இது ஒரு தொடர்பு மட்டுமே. பழுப்புக் கொழுப்புதான் நோயைத் தடுத்தது என்பதற்கு நிரூபணம் அல்ல.

நெதர்லாந்தில் டைப்-2 சர்க்கரை நோயாளிகள் 8 பேர், 10 நாட்கள் 14-15 டிகிரி குளிரில் தினமும் பல மணி நேரம் இருந்தனர். 2015-ல் வெளியான இந்த ஆய்வில், அவர்களின் இன்சுலின் செயல்திறன் சுமார் 43% கூடியது. ஆனால் அதில் முக்கியப் பங்கு தசைகளுக்கே இருந்ததாகத் தெரிந்தது.

நமக்கு இன்னொரு விஷயமும் முக்கியம். அதே நாட்டில் நடந்த 2014 ஆய்வில், தெற்காசிய வம்சாவளி இளைஞர்களுக்கு ஐரோப்பிய வம்சாவளியினரைவிடப் பழுப்புக் கொழுப்பு குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான் என்றாலும், தெற்காசியர்களைச் சர்க்கரை நோய் ஏன் சீக்கிரம் தாக்குகிறது என்ற தேடலில் இதுவும் ஒரு துப்பு.

அப்போ ஐஸ் குளியல்?

பெரியவர்களிடம் இந்தக் கொழுப்பு கொஞ்சம்தான் இருக்கிறது. அதை நம்பி மட்டும் எடை குறையாது. குளிரில் பசியும் கூடலாம். திடீர்க் குளிர் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் ஏற்றும் என்பதால், இதயப் பிரச்சினை உள்ளவர்களுக்கு ஐஸ் குளியல் ஆபத்து. ரீல்ஸைப் பார்த்து சுகர் மாத்திரையை நிறுத்துவது அதைவிட ஆபத்து. இப்போதைக்கு உறுதியாகப் பலன் தருவது உடற்பயிற்சி, சாப்பாட்டில் கட்டுப்பாடு, டாக்டர் தந்த மருந்து ஆகியவைதான்.