வெம்மையும் அலவனும்

அலவன் எனப் பழந்தமிழர் அழைத்த நண்டு, தன் உடல் வெப்பத்தைத் தானே பேணும் ஆற்றல் இல்லாதது. சூழலின் வெம்மையே அதன் வெம்மை. ஆதலின் கடலும் கரையும் சூடேறுங்கால் அஃது என் செய்யும் என ஆராய்வது, நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் கடனீரேரிகளை அண்டி வாழும் வன்னி மக்களாகிய எமக்கு வீண் ஆராய்ச்சியன்று.

கண்டற் சேற்றில் வாழும் பிடில் நண்டுகளை நோக்குவோம். வெயில் ஏறியதும் அவை வளையுட் புகுகின்றன. சிலவற்றின் ஓடு வெளிறி ஒளியைத் தெறிக்கச் செய்கின்றது. ஆணின் பெருங்கொடுக்குப் பெண்ணைக் கவரவும் பகையை வெருட்டவும் உரியதென்பது நாமறிந்ததே. அஃது உடற்சூட்டை வெளியேற்றவும் உதவுகின்றதென ஆய்வாளர் கண்டுள்ளனர். அணிகலன் விசிறியும் ஆயிற்று! ஆயினும் வளைக்குள் ஒடுங்கும் வேளை இரைதேடும் வேளையன்று.

இடம் பெயர்தலும் ஒரு வழி. அமெரிக்காவின் கீழ்க்கரையில் கேப் கொட் வரையே அறியப்பட்டிருந்த பிடில் நண்டினம் ஒன்று, 2014இல் வடக்கே நியூ ஹாம்சயரிலும் காணப்பட்டது.

நம் சேற்று நண்டுக்கோ வழி எளிதன்று. ஏரியில் வளரும் பெண் நண்டு, குஞ்சு பொரிக்கக் கடலை நாடும். குஞ்சுகளுக்குக் கடலுப்பு வேண்டும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். மாரி வெள்ளம் அதனை உடைக்கும். வட்டுவாகலில் மனிதரும் வெட்டிவிடுவதுண்டு. வெட்டும் நாளைக் குறிப்போர், வெள்ளத்தோடு சினை நண்டையும் எண்ணுதல் தகும் என்பது எம் கருத்து. மழை பிந்தினாலோ, அடைபட்ட நீர் வற்றி, உப்பேறிச் சூடாகும். சூடேறிய நீரில் ஒட்சிசன் குறையும். அவ்வேளையிலேதான் நண்டின் மூச்சுத் தேவை மிகும்.